சொல்லாமல் விட்டது பொய்யாகுமா? வேலை மாறும் வேளையில் வீட்டுக் கடன்

 



சில வாரங்களாக ஒரே கேள்வி வெவ்வேறு வடிவத்தில் என்னிடம் வந்து கொண்டிருக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ரிசர்வ் வங்கி தனது ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைத்தது. அதன் பிறகு வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கெல்லாம் வங்கி ஏஜெண்டுகளிடமிருந்து ஃபோன் வந்தபடி இருக்கிறது. "சார், உங்க லோனை எங்க பேங்குக்கு மாத்துங்க, வட்டி குறையும், கூடவே டாப்-அப்பும் தர்றோம்" என்கிறார்கள். கேட்டுப் பழகிய பேச்சுத்தான். இதில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் அதே நேரத்தில் வேலையும் மாறுகிறார்கள்.

ஒரு சகோதரர் சொன்னதைச் சொல்கிறேன். கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டார். மூன்று மாதம் நோட்டீஸ் பீரியட். அடுத்த கம்பெனியின் ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது. புதிய இடத்தில் ஆறு மாதம் ப்ரொபேஷன் முடியும் வரை பல வங்கிகள் கடன் தரத் தயங்குமாம். "அதனால பழைய கம்பெனி பே ஸ்லிப் வந்துட்டு இருக்கும்போதே லோனை மாத்தி, டாப்-அப்பும் வாங்கிடலாம்னு இருக்கேன் ஹஜ்ரத். பே ஸ்லிப் உண்மையானது. பேங்க் ஸ்டேட்மெண்ட் உண்மையானது. ராஜினாமா பண்ணீங்களான்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல. நான் பொய் சொன்னேனா?"

இன்றைய பேச்சு இந்தக் கேள்விதான். கேட்கவில்லை, சொல்லவில்லை. இது பொய்யா, இல்லையா?

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வட்டி ஹராம். வாங்குவதும் கொடுப்பதும் ஹராம். பகரா சூராவின் 275-லிருந்து 279 வரையிலான ஆயத்துகளைப் பொருள் தெரிந்து ஓதுகிறவர் இதில் சமாதானம் தேட மாட்டார். மேற்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்கள் குடியிருக்கும் வீட்டுக்காக, வேறு வழியே இல்லாத நிலையில் மட்டும் வங்கிக் கடன் பெறலாம் என்று 1999-இல் ஐரோப்பிய ஃபத்வா சபை ஒரு தீர்ப்பு கொடுத்தது உண்மை. அன்றே உலமாக்களில் பலர் அதை மறுத்ததும் உண்மை. அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொள்பவர்கூட அதிலுள்ள நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பது ஒரு தேவை. அதே கூரையைக் காட்டி மாடுலர் கிச்சனுக்கும் காருக்கும் டாப்-அப் வாங்குவதை எந்த முஃப்தியும் நிர்ப்பந்தம் என்று எழுதித் தரமாட்டார். ஏற்கனவே கடனில் மாட்டிக்கொண்டவர் சீக்கிரம் வெளியே வர வழி தேட வேண்டும். புதிதாகக் கடன் எதுவும் சேர்க்காமல், சுமையைக் குறைத்து விரைவில் அடைக்கவே மாற்றுகிறேன் என்பவருடைய விஷயம் வேறு. அவர் தன் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு ஆலிமிடம் தனியாகப் பேசட்டும். மிம்பரில் நின்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அடகு என்பது மார்க்கத்துக்குப் புதிதல்ல. அரபியில் ரஹ்னு என்போம். பகரா 283-ஆவது ஆயத்தில் அல்லாஹ் அதைச் சொல்கிறான். நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களின் போர்க் கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அடகு வைப்பது கேவலமல்ல என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதும்.

ஆனால் அந்த ஆயத்தின் பிற்பகுதியைக் கவனியுங்கள். ஒருவரை ஒருவர் நம்பினால் அடகு தேவையில்லை, நம்பப்பட்டவர் அந்த அமானிதத்தை நிறைவேற்றட்டும் என்ற கருத்தில் தொடர்கிறது. அடுத்து, சாட்சியத்தை மறைக்காதீர்கள், மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்கிறது. எழுத ஆள் கிடைத்தால் எழுதிக்கொள்கிறோம். கிடைக்காவிட்டால் ஒரு பொருளைக் கையில் வாங்கிக்கொள்கிறோம். அதுவும் வேண்டாம் என்றால் மனிதனுடைய சொல்லை நம்புகிறோம். ஆக, அடகுப் பொருள் ஒருவருடைய சொல்லுக்குத் துணையாக வருவது. அது வந்துவிட்டது என்பதால் சொல்லில் உண்மை தேவையில்லாமல் போய்விடாது. "வீட்டுப் பத்திரமே அவங்ககிட்ட இருக்கே ஹஜ்ரத், அவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், அரபிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவும். ஒரே கடனுக்கு ஒரு பொருளை அடகு வைத்த பிறகு, இன்னொரு பொருளையும் கூடுதலாக அடகு வைக்கலாம். ஆனால் ஏற்கனவே அடகில் இருக்கும் பொருளையே அதே ஆளிடம் இரண்டாவது கடனுக்கும் அடகாக ஆக்குவது கூடாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் புதிய சொல். இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் இதைக் குறிப்பிடுகிறார்கள். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரின் கருத்தும் கூடாது என்பதே. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) கூடும் என்கிறார்கள். பழைய அடகை முறித்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்துப் புதிதாக எழுதிக்கொள்வதற்கு வழி இருக்கிறது. இன்று டாப்-அப் என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் ஒரு விஷயத்தில் நம் இமாம்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! வட்டியே இல்லாத கடனில்தான் இவ்வளவு பேச்சு. ஒரு பொருளின் மீது எவ்வளவு பொறுப்பு ஏறியிருக்கிறது என்பது இரு தரப்புக்கும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற கவலையை இதில் பார்க்கலாம்.

இப்போது கேள்விக்கான பதில்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கிறார்கள். குவியலுக்குள் கையை விடுகிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. இது என்ன என்று கேட்கிறார்கள். மழை பட்டுவிட்டது என்கிறார் அந்த வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் என்னைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் கூறுகிறார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ். இதை நாம் எல்லோரும் நூறு முறை கேட்டிருப்போம். நூற்று ஒன்றாவது முறையாக, அந்த வியாபாரி என்ன பொய் சொன்னார் என்று தேடிப் பாருங்கள்.

ஒரு பொய்யும் சொல்லவில்லை. குவியல் முழுதும் காய்ந்தது என்று அவர் கூவவில்லை. மேலே இருந்த தானியம் உண்மையிலேயே காய்ந்ததுதான். எடையில் குறைக்கவில்லை. மழையை அவர் வரவழைக்கவுமில்லை. கேட்டவுடன் மழை பட்டது என்று உண்மையைச் சொல்லிவிட்டார். நம் சகோதரர் சொன்ன அதே நியாயத்தை அவரும் சொல்லியிருக்கலாம்: யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் ஏமாற்று என்ற பெயர் அந்தச் செயலுக்கு வந்தது. காரணம், வாங்குபவர் மேலே உள்ளதைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்கிறார் என்பது விற்பவருக்குத் தெரியும். அந்த முடிவு தவறு என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே அதைத் திருத்தாமல் விலையை வாங்கிக்கொள்கிறார்.

மூன்று மாத பே ஸ்லிப்பை வங்கி எதற்குக் கேட்கிறது? போன மூன்று மாதம் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று தெரிந்துகொள்ளவா? இனி வரும் பதினைந்து, இருபது வருடம் இந்தச் சம்பளம் வரும் என்று ஊகிப்பதற்குத்தான். அந்த பே ஸ்லிப் மேலே கிடக்கும் காய்ந்த தானியம். ராஜினாமாக் கடிதம் உள்ளே இருக்கும் ஈரம். ஆகவே சகோதரருக்கு என் பதில்: உங்கள் நாவு பொய் சொல்லவில்லை, அந்தக் கடன் விண்ணப்பம் பொய் சொல்கிறது, அதன் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. இன்னும் ஒன்று. விண்ணப்பத்திலும் ஒப்பந்தத்திலும் பொடி எழுத்தில் ஒரு உறுதிமொழி பொதுவாக இருக்கும்: நான் கொடுத்த விவரங்கள் சரியானவை, வேலையில் மாற்றம் வந்தால் தெரிவிப்பேன் என்று. அதை யாரும் படிப்பதில்லை. அங்கே கேள்வியும் கேட்கப்பட்டுவிட்டது, பதிலும் தரப்பட்டுவிட்டது.

அப்படியானால் மனிதன் தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்ல வேண்டுமா? இல்லை. பழைய மேலாளரோடு ஏன் ஒத்துப்போகவில்லை, புதிய இடம் பிடிக்குமா பிடிக்காதா, வீட்டில் என்ன பிரச்சினை, இதெல்லாம் உங்களுடையது. கேட்டால்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் எந்த விஷயத்தின் மீது சாய்ந்து நின்று பணத்தை எடுத்துக் கொடுக்கிறாரோ, அந்த விஷயம் மட்டும் அவருக்கும் உரியது. வீட்டை விற்பவர் சுவரில் உள்ள விரிசலைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் தன் மாமியாரோடு போட்ட சண்டையைச் சொல்ல வேண்டியதில்லை.

சிலர் கேட்பார்கள்: "ஹஜ்ரத், வங்கி வட்டி வாங்குகிறது. அநியாயக்காரனிடம் போய் உண்மை பேச வேண்டுமா?" இந்தக் கேள்வியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வட்டி வாங்குவதால் அவன் அநியாயக்காரன், அவனிடம் கடன் வாங்குவதற்கு மட்டும் அவன் வேண்டும். அது போகட்டும். நபி (ஸல்) அவர்களைக் கொலை செய்யக் குறைஷிகள் திட்டமிட்ட அந்த இரவில், அதே மக்காவாசிகளின் அமானிதப் பொருட்கள் நபியவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலி (ரலி) அவர்களை மக்காவில் விட்டுவிட்டுத்தான் ஹிஜ்ரத் புறப்பட்டார்கள் என்று சீரா நூல்கள் சொல்கின்றன. முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களின் செய்தி புகாரியில் இருக்கிறது. இஸ்லாத்துக்கு வருமுன் சில இணைவைப்பாளர்களுடன் பயணம் போய், அவர்களைக் கொன்று பொருளை எடுத்துக்கொண்டு வந்து இஸ்லாத்தை ஏற்றார்கள். இஸ்லாத்தை ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் பொருளில் எனக்குச் சம்பந்தமில்லை என்ற கருத்தில் நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். எதிரியின் பொருள்தான், ஆனால் நம்பி உடன் வந்தவர்களின் பொருள். அமானிதம் எதிரில் இருப்பவருடைய தகுதியைப் பார்த்து வருவதில்லை. அது நம்மிடம் இருக்கும் குணம்.

இன்னொருவர் கேட்பார்: "நான் கூடுதல் சம்பளத்துக்குத்தானே போகிறேன். வங்கிக்கு லாபம்தானே?" லாபம் என்றால் சொல்லிவிடலாமே! ஆஃபர் லெட்டரையும் சேர்த்துக் கொடுங்கள். அதைப் பார்த்துவிட்டு வங்கி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை, வட்டி வட்டிதான். ஆனால் மறைத்தல் என்ற இரண்டாவது பாவமாவது சேராது. சொன்னால் தரமாட்டார்கள் என்று பயந்து மறைத்தால், அது அவர்களுக்கு முக்கியமான விஷயம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆஃபர் லெட்டர் என்பது வேலை அல்ல. ஐ.டி. துறையில் இருக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். 2022, 2023-இல் கையில் ஆஃபரை வைத்துக்கொண்டு, சேரும் தேதி தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் காத்திருந்தவர்கள் எத்தனை பேர், ஆஃபரே திரும்பப் பெறப்பட்டவர்கள் எத்தனை பேர். நாளைக்கு இதைச் செய்வேன் என்று இன்ஷா அல்லாஹ் இல்லாமல் சொல்லாதீர்கள் என்று கஹ்ஃபு சூராவில் அல்லாஹ் கற்றுத் தருகிறான். நாம் வாயால் இன்ஷா அல்லாஹ் சொல்லிவிட்டு, இருபது வருடச் சம்பளம் நம் பையில் இருப்பது போலக் கையெழுத்துப் போடுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் சேர்த்தே பாதுகாப்புத் தேடுவார்கள். கடனிலிருந்து இவ்வளவு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுகிறீர்களே என்று ஒருவர் கேட்டார். மனிதன் கடன்பட்டால் பேசும்போது பொய் பேசுவான், வாக்களித்தால் மாறுவான் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கடன் ஏழையாக்கும் என்று சொல்லவில்லை. தூக்கம் போகும், மானம் போகும் என்றும் சொல்லவில்லை, அதெல்லாம் போவதும் உண்மைதான். நாவில் என்ன ஆகும் என்பதைச் சொன்னார்கள். கடன் வாங்குவதற்கு முன்பே அது ஆரம்பித்துவிடுகிறது என்பதை இந்தக் காலத்தில் பார்க்கிறோம். விண்ணப்பம் கொடுக்கும்போதே மறைக்க வேண்டியிருக்கிறது. அடுத்து, வங்கியில் இருந்து கம்பெனிக்கு ஃபோன் போனால் என்ன சொல்வது என்று எச்.ஆரில் இருக்கும் நண்பனிடம் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. இப்போது அவனும் பொய்யில் பங்காளி. ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர் இவர். பொய்யர் அல்லர். தேவை அவரைத் தள்ளிக்கொண்டு போகிறது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். 30 லட்சம் கடன், 9 சதவீதம், 20 வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 27,000 ரூபாய். ஐந்து வருடம் கட்டினால் 16 லட்சத்துக்கு மேல் போய்விடும். அசலில் குறைந்திருப்பது 3.4 லட்சம் அளவில்தான். மீதி அசல் 26.6 லட்சம், மீதிக் காலம் 15 வருடம். இப்போது இன்னொரு வங்கி வந்து 8 சதவீதம், மறுபடி 20 வருடம் என்கிறது. இ.எம்.ஐ. 22,300-க்கு இறங்குகிறது. மாதம் 4,700 ரூபாய் மிச்சம் என்று வீட்டில் சந்தோஷம். மொத்தத்தைக் கூட்டுங்கள். பழைய கடனை அப்படியே விட்டிருந்தால் இனி கட்ட வேண்டியது 48.6 லட்சம். புதியதில் 53.4 லட்சம். வட்டி விகிதம் குறைந்தது, கட்டுவது கிட்டத்தட்ட 4.8 லட்சம் கூடியது! அதே 8 சதவீதத்தில் காலத்தை 15 வருடமாகவே வைத்திருந்தால் சுமார் 45.8 லட்சத்தில் முடிந்திருக்கும். கட்டணம், முத்திரைச் செலவு எல்லாம் இதில் சேர்க்கவில்லை. ஏஜெண்ட் உங்களிடம் மாதக் கணக்கை மட்டும்தான் காட்டுவார். வட்டியிலிருந்து வெளியேறும் எண்ணத்தோடு மாற்றியவர் ஐந்து வருடம் கூடுதலாக அதற்குள் உட்கார்ந்துவிடுகிறார்.

இதில் இன்னொருவருடைய ஹக்கு இருக்கிறது, அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. எத்தனை வீடுகள் மனைவியின் நகையை விற்று முன்பணம் கட்டி வாங்கப்பட்டவை! பத்திரத்தில் அவள் பெயரும் இருக்கும். பேங்கில் கையெழுத்துப் போடும்போது, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலை வைத்துக் காட்டுகிறோம். அவள் போடுகிறாள். எவ்வளவு, எத்தனை வருடம், கணவன் வேலையை விட்டுவிட்டார் என்பது அவளுக்குத் தெரியுமா? சிலருக்கு உண்மையிலேயே தெரியாது. அடுத்தவர் பொருளை இரவலாக வாங்கி அடகு வைப்பதை ஃபிக்ஹு அனுமதிக்கிறது. ஆனால் கடன் என்ன வகை, எவ்வளவு தொகை, எப்போது திருப்பித் தர வேண்டும், யாரிடம் அடகு என்பதை உரியவரிடம் சொல்லியாக வேண்டும் என்று ஷாஃபிஈ நூல்கள் நிபந்தனை வைக்கின்றன. மனைவியின் பங்குக்கு இந்தச் சட்டம் பொருந்தாதா? வாப்பா மௌத்தாகி, சகோதரிகளுக்குப் பங்கு பிரிக்காமல், ஒருவர் பெயரில் மட்டும் பட்டா வாங்கி வைத்திருக்கும் வீட்டைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் வைப்பதற்கு உங்களுடையது எவ்வளவு என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

வீட்டை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, பத்திரம்தான் போகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் ஏற்படும் நகரங்களில் ஒன்றாக அப்போதைய மதராஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த அளவுக்கு இந்த ஊரில் பழைய வழக்கம் இது. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்குள் கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்று பகரா 280-இல் அல்லாஹ் சொல்வது ஈமான் கொண்டவருக்கு. வங்கியின் கம்ப்யூட்டருக்கு அந்த ஆயத் தெரியாது. இரண்டு வேலைகளுக்கு நடுவில் இரண்டு மாதம் இடைவெளி விழுந்தால், மூன்றாவது மாதத்தில் நீங்கள் அந்தத் தொண்ணூறு நாளின் வாசலில் நிற்பீர்கள்.

எனவே வேலை மாறுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். புதிய இடத்தில் சேர்ந்து காலூன்றும் வரை வீட்டின் மீது எதையும் ஏற்றாதீர்கள். ஏற்கனவே விண்ணப்பம் கொடுத்து, பணம் இன்னும் வரவில்லை என்றால், ராஜினாமாவைச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் நிறுத்தினால் நிறுத்தட்டும், புதிய கடன் ஒன்று குறைந்தது. பணம் வாங்கி முடித்துவிட்டவர்கள், டாப்-அப்பில் செலவாகாமல் இருப்பதை முதலில் திருப்பிக் கட்டுங்கள். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. முழுதும் அடைத்துவிட்டால் 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. பத்திரத்தை வாங்கியதோடு நிற்காமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவு செய்து, வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். வாப்பா கட்டி முடித்த கடன் வில்லங்கத்தில் அப்படியே நின்று, பிள்ளைகள் பங்கு பிரிக்க முடியாமல் அலைவதைப் பார்க்கிறோம்.

கடன் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் சகோதரர் ஒருவர் வரிக்கு வரி படித்துச் சொல்வார். கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள், அவர்களுக்குத் தனியாக உட்கார இடம் இருக்கிறது.